முப்பந்தல் காற்றுக்கு ஒரு தடுப்பு

ஜூன் 12, திங்கள்

வடிவு இன்று தோவாளையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பதவி உயர்வு என்று பெயர். கால்நடை ஆய்வாளராக வள்ளியூரைச் சுற்றி இத்தனை வருடம் மாடுகளோடு மல்லுக்கட்டியவளைத் தூக்கி மலைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார்கள். நடுவில் முப்பந்தல் கணவாய். ஆனி, ஆடியில் அங்கே அடிக்கும் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைக்காரர்கள் சும்மாவா அத்தனை காற்றாடியை அங்கே கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள்?

பஸ்ஸில் போகலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போடும் குடுவையை வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதுதான் அவள் வேலை. மோட்டார் சைக்கிள் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வாள்? ஒன்று, தினமும் வண்டியில் போய்வர வேண்டும். இல்லையென்றால் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்க வேண்டும்.

காலையில் கிளம்பும்போது ஒரு முடிவு பேசிக்கொண்டோம். பேசினாள், நான் கேட்டுக்கொண்டேன். "ஆடி பொறக்கதுக்குள்ள பாப்போம். காத்து ஒத்துக்கிட்டா தெனம் போயிட்டு வாரேன். ஒத்துக்கிடலன்னா அங்கயே ஒரு ரூம்பு எடுத்துருதேன்" என்றாள். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

சரி என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரு நாள் தனியாக இருந்ததில்லை. நான் இருக்கவிட்டதில்லை. வண்டிக்குப் பெட்ரோல் போடுவது, காற்றுப் பார்ப்பது, ஹெல்மெட் கண்ணாடி துடைப்பது எல்லாம் என் வேலை. அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் போதும். இப்போது ஒரு காற்றுக்குப் பயந்து அறை எடுப்பாளாமே.

ஹார்டுவேர் கடைக்காரர் கொடுத்த இந்த டைரியை ஜன்னல் அளவு குறிக்கத்தான் வைத்திருந்தேன். இனி இதையும் குறிக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 14, புதன்

கண் இரண்டும் சிவந்து வந்தாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. போகும்போது எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறதாம். வரும்போது பரவாயில்லையாம். இருக்காதா? மேற்கேயிருந்து அடிக்கிற காற்று, வரும்போது முதுகைத் தள்ளிவிடும்.

தைலம் தேய்த்துவிட்டேன். வண்டிக்கு முன்னால் ஒரு விண்ட்ஷீல்டு போட்டுவிட்டால் போச்சு என்றேன். இன்னும் ஒரு வாரம் பழகிப் பார்க்கிறேன் என்று அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதற்குள் பட்டறைக்குப் போய் மிச்சத் தகடு என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அலுமினியமும் கண்ணாடியும் அடிக்கிறவனுக்குக் காற்று ஒரு பொருட்டா? இந்த ஊரில் நான் மாட்டிய ஒரு ஜன்னல் காற்றுக்குக் கழன்றதாக யாராவது சொல்லட்டும்.

ஜூன் 18, ஞாயிறு

தடுப்பு தயார். ஒரு பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகைக்குப் போட்ட பாலிகார்பனேட் தகட்டில் மிச்சம் கிடந்தது. கல்லால் அடித்தாலும் உடையாது. ஹீட் கன்னால் சூடு காட்டி, வெல்லப்பாகு மாதிரி இளகும்போது குடத்தின் மேல் போட்டு வளைத்தேன். ஓரத்துக்கு ஜன்னல் ரப்பர். ஹேண்டில் பாரில் நான்கு இடத்தில் பிடிமானம். கடையில் விற்கிறதெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது.

காவல்கிணறு வரை நானே ஓட்டிப் பார்த்தேன். என் மூக்கு உயரத்துக்கு நிற்கிறது. நெஞ்சில் ஒரு பொட்டுக் காற்று இல்லை. வீட்டுக்கு வந்து வடிவிடம் இனி நீ காரில் போகிற மாதிரி என்றேன். அவள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் எப்படி ஒட்டினேன், துளை எப்படிப் போட்டேன் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அந்தப் பக்கத்தை அவள் கடைசிவரை திருப்பவே இல்லை.

ஜூன் 19, திங்கள்

பதினொரு மணிக்குப் போன் பண்ணிக் காற்று எப்படி என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றாள். மூன்று மணிக்குப் பண்ணினேன், எடுக்கவில்லை. பசுவுக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டிருக்கும்போது எப்படி எடுப்பாள்? நாலு மணிக்கு மறுபடியும் பண்ணினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னது இது: நெஞ்சில் காற்று இல்லை. ஆனால் தலையை உலுக்குகிறது. "பின்னாலேருந்து யாரோ ஓயாம குட்டுத மாதிரி இருக்கு. ஹெல்மெட்டுக்குள்ள மடமடன்னு சத்தம், வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

பின்னாலிருந்து எப்படிக் காற்று வரும்? நான் போனபோது அப்படி ஒன்றும் இல்லையே.

ஜூன் 21, புதன்

பக்கத்துப் பட்டறைச் சூசையிடம் கேட்டேன். இரு சக்கர வண்டி மெக்கானிக். பத்து வார்த்தை பேசினால் எட்டு கேலி. ஆனாலும் விஷயம் இருக்கிற ஆள். தடுப்பின் உள்பக்கம் கம்பளி நூலைத் துண்டு துண்டாக ஒட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்றான். வடிவு குளித்துக் கிளம்புவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு நாற்கரச் சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டினேன். நூலெல்லாம் என் பக்கம் பறக்காமல் தகட்டின் பக்கம் பறந்தது. அதாவது தடுப்புக்குப் பின்னால் காற்றில்லாத இடம் உண்டாகிவிடுகிறது. அதை நிரப்பப் பின்னாலிருந்து காற்று சுருண்டு வருகிறது. வருகிற வழியில் தலை இருக்கிறது, குட்டுகிறது.

ஆக வடிவு சொன்னது சரிதான். கீழே இரண்டு விரல் சந்துவிட்டால் முன்காற்று கொஞ்சம் உள்ளே வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். சாயங்காலமே பிடிமானத்துக்கு வாஷர் கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

சாப்பிடும்போது அவளாகவே ஒரு செய்தி சொன்னாள். தோவாளையில் பூ வியாபாரி ஒருவர் வீட்டு மாடியில் ஒற்றை அறை காலியாக இருக்கிறதாம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமாம். விடியற்காலம் கீழே பூ மூட்டை பிரிக்கிற வாசம் மாடி வரை வருமாம். மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவர் உட்காருகிற மாதிரி அகலமாம். எதற்குப் போய்ப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. இடம் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதானே. வாஷரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், அவள் கை கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 22, வியாழன்

குட்டு கொஞ்சம் குறைந்ததாம். போகவில்லையாம்.

ஜூன் 25, ஞாயிறு

மேல் விளிம்பைத் தாண்டி வருகிற காற்றுதான் குற்றவாளி என்று இன்று கண்டுபிடித்தேன். ஓட்டிக்கொண்டே இடது கையை மெல்ல மேலே தூக்கிப் பார்த்தேன். ஒரு இடம்வரை அமைதி. அதற்கு மேல் கை தானாக ஆடுகிறது. அதற்கும் மேலே போனால் சீரான காற்று, ஆட்டமில்லை. அந்த நடுப்பகுதியில் தலை இருந்தால்தான் தொல்லை. ஒன்று, தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லை அதற்கு மேலே இருக்க வேண்டும்.

தடுப்பின் உச்சியில் ஒரு சிறு உதடு வைத்தேன். அரைச் சாண் தகடு, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்வு. காற்று எம்பி என் தலைக்கு மேலே போய்விட்டது. பணகுடி வரை போய்வந்தேன். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. முடிந்தது வேலை.

செண்பகாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள், இரண்டு வருடமாகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மாவக் கொஞ்சம் சும்மா விடுங்கப்பா" என்றாள். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு முப்பந்தல் காற்றைப் பற்றி என்ன தெரியும்?

ஜூன் 26, திங்கள்

முன்பைவிட மோசமாம்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நான் ஓட்டினால் ஒன்றுமில்லை, நீ ஓட்டினால் மட்டும் காற்று உன்னைத் தேடி வருகிறதா என்று கேட்டுவிட்டேன். அவள் மாட்டுக்கறை படிந்த கோட்டை ஊறப் போட்டாள்.

ஜூன் 29, வியாழன்

சக்கரத்தில் காற்று பார்த்தேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். இன்னொரு விஷயம் உறுத்துகிறது. சாயங்காலம் காற்று பின்னால் தள்ளும்போது அரை மணியில் வந்துவிடலாம். இவளுக்கு ஒரு மணிக்கு மேல் ஆகிறது. வண்டி இழுக்கவில்லையோ என்னவோ. பிளக்கை மாற்ற வேண்டும்.

ஜூலை 2, ஞாயிறு

இன்று எனக்கு நேர்ந்த அசிங்கத்தை எழுதித்தான் ஆக வேண்டும்.

உதட்டைக் கழற்றுவதா, இன்னும் சாய்ப்பதா என்று பட்டறை வாசலில் வண்டிமேல் உட்கார்ந்து கையால் அளந்துகொண்டிருந்தேன். சூசை டீ குடித்தபடி வெகுநேரம் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "அண்ணாச்சி, வண்டிய ஓட்டப் போறது நீங்களா மதினியா?"

அவ்வளவுதான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. வடிவு என் தோளுக்குக் கீழே. எனக்கு அமைதியாக இருக்கிற உயரம் எனக்குத்தான் அமைதி. என் தலைக்கு மேலே எம்பிப் போகிற காற்று சுருண்டு இறங்கி வேறு எங்கேயோ குட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தடுப்பு பண்ணியது, வெட்டியது, உதடு வைத்தது எல்லாம் என் தலைக்கு. இத்தனை நாளில் அவளை ஒரு தடவைகூட வண்டிமேல் உட்காரவைத்து அளக்கவில்லை. ஜன்னல் போடப் போகிற வீட்டில் சுவரை அளக்காமல் வந்தவனை நான் பட்டறைக்குள் விடுவேனா? சூசை சிரிக்காமல் டீயைக் குடித்தான். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவளை ஹெல்மெட்டோடு வண்டியில் உட்காரச் சொன்னேன். இருக்கையிலிருந்து கண் வரை, கண்ணிலிருந்து உச்சி வரை அளந்தேன். முதுகை நிமிர்த்து என்றேன், நீ ஓட்டுகிற மாதிரி குனி என்றேன். நாடாவை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். "மாட்டுக்கே நான் இவ்வளவு அளவு எடுக்க மாட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வெகுநாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

உதடு போயிற்று. தடுப்பை அவள் கழுத்து உயரத்துக்கு வெட்டினேன். இனிக் காற்று சீராக ஹெல்மெட்டின் மேல் வழுக்கிப் போய்விடும். குறுக்குக் காற்றில் ஹேண்டிலைப் பிடித்து இழுக்கிற தொல்லையும் குறையும். அவள் உயரத்துக்கு எப்படி இருக்கும் என்பதை என்னால் ஓட்டிப் பார்க்க முடியாது. அவள் சொன்னால்தான் உண்டு.

ஜூலை 3, திங்கள்

வாசலிலேயே நின்று கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. எப்படி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இன்னும் தட்டத்தான் செய்யுது" என்றாள்.

ஜூலை 5, புதன்

சாய்வைக் கொஞ்சம் மாற்றினேன். இன்னும் தட்டுகிறதாம்.

ஜூலை 7, வெள்ளி

இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சிறகு வைத்தேன். தட்டுகிறதாம். எங்கே தட்டுகிறது, நெற்றியிலா, பிடரியிலா என்று கேட்டால் எல்லா இடத்திலும் என்கிறாள். போன வாரம் வரை இடம் பார்த்துச் சொன்னவள்.

ஆடி பிறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. ஒரு குறுக்குப் புத்தியும் எனக்கு ஓடுகிறது. நாளைக்கு ஒரு வேலை, மறுநாள் ஒரு வேலை என்று இழுத்தடித்து ஆடியைத் தொட்டுவிட்டால் அவள் ஆவணி வரை போய்வந்துதான் ஆக வேண்டும். அதற்குள் காற்றும் அடங்கிவிடும், பழகியும் போகும். அறைப் பேச்சே இராது. இதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் செண்பகா இல்லை. இவளும் இல்லை என்றால் அடுப்பைப் பற்றவைப்பது யாருக்காக? எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

விடிந்ததும் சூசையை எழுப்பினேன். வண்டியின் இருக்கையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு, ஒரு சாக்கை மடித்துப் போட்டுக் கட்டித் தரச் சொன்னேன். எதற்கு என்றான். மதினி உயரத்துக்கு இறங்கப் போகிறேன் என்றேன். நேற்று ராத்திரி குடித்தீர்களா என்று கேட்டுவிட்டுச் செய்து கொடுத்தான். அதன்மேல் உட்கார்ந்து, முதுகைச் சற்று வளைத்து, அளவு நாடாவைப் பிடிக்கச் சொன்னேன். என் கண் வடிவின் கண் உயரத்துக்குச் சரியாக வந்தது. முழங்கால் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி இருந்தது. சர்க்கஸ் கரடி தோற்றது.

அப்படியே முப்பந்தல் வரை போனேன். காவல்கிணறு தாண்டியதும் காற்று வந்தது. காற்றாலைகள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றின. எதிரே வந்த வைக்கோல் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. வேகம் கூட்டினேன். குறைத்தேன். நேராகப் போனேன். தலையை இடமும் வலமும் திருப்பினேன். திரும்பி வந்து இன்னொரு தடவை போனேன்.

ஒன்றுமே இல்லை. உச்சியில் யாரோ மெல்லத் தடவிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சீரான காற்று. குட்டு இல்லை, ஆட்டமில்லை, மடமட இல்லை. நான் செய்த வேலைகளிலேயே இதுதான் சுத்தமான வேலை.

வடிவு பொய் சொல்கிறாள்.

ஜூலை 10, திங்கள்

எதுவும் கேட்கவில்லை. தட்டுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. நான் கேட்காதது அவளுக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். அவளாகவே, "இன்னைக்கும் அப்படித்தான்" என்றாள்.

என்னிடம் அவள் சொல்கிற முதல் பொய் இது. அல்லது நான் கண்டுபிடித்த முதல் பொய். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. சொல்லும்போது புடவை நுனியைப் பார்க்கிறாள்.

கேட்டுவிடலாம். உட்காரவைத்து, பஞ்சு எடுத்த கதையைச் சொல்லி, ஏன் வடிவு என்று கேட்டுவிடலாம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள். அதைக் கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

மழைக்கோட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அது ஒரு சாக்கு. மேகமே இல்லை. பட்டறையை நேரத்தோடு பூட்டிவிட்டு என் மொபட்டை எடுத்துக்கொண்டு தோவாளைக்குப் புறப்பட்டேன். ஆபீஸ் விடுகிற நேரத்துக்குப் போய் நின்றால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். என் புத்தி எங்கெங்கோ போனது, அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

தோவாளை வரை போகவேண்டி வரவில்லை. முப்பந்தலில் இசக்கியம்மன் கோவிலைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னப் பாலத்தின் சுவரில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வண்டி, என் தடுப்போடு. ஹெல்மெட் சுவரின்மேல் இருந்தது. தனியாகத்தான் இருந்தாள்.

கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். வீட்டில் நான் பார்த்த வரையில் குளித்த நாளில்கூட முடியை விரித்துவிட்டு இருக்க மாட்டாள். காற்று வருகிற பக்கம் முகத்தை வைத்து, மடியில் ஒரு பொட்டலம் வறுகடலையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். தோலை ஊதவேண்டிய வேலை இல்லை, காற்றே எடுத்துக்கொண்டு போனது. அழவில்லை. யோசிக்கிற மாதிரியும் இல்லை. சும்மா இருந்தாள்.

காற்று தாங்கவில்லை என்று தினமும் என்னிடம் சொல்கிறவள் அத்தனை காற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அரை மணி தாமதத்துக்குப் பிளக்கை மாற்றினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

போனை எடுத்துக் கூப்பிட்டேன். இந்தா எதிரே நிற்கிறேன் என்று சொல்லத்தான். அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். யார் என்று பார்த்தாள். கோபமில்லை, சலிப்புகூட இல்லை. திரும்பப் பையில் வைத்துவிட்டு அடுத்த கடலையை உரித்தாள். என் காதில் மணி அடித்து ஓய்ந்தது.

சாலையைத் தாண்டவில்லை. மழைக்கோட்டோடு திரும்பிவிட்டேன். அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வந்ததும் காற்று அதிகம், மெதுவாக வந்தேன் என்றாள். ஆமாம், இன்று காற்று அதிகம்தான் என்றேன்.

ஜூலை 12, புதன்

பகல் முழுதும் வேலை ஓடவில்லை. ஒரு ஜன்னல் சட்டத்தைக் குட்டையாக அறுத்துவிட்டேன்.

கோபம் இருந்தது. இவ்வளவு செய்கிறேன், இவளுக்கு என்ன குறை என்று காலையில் நினைத்தேன். மத்தியானம் அதே கேள்வியை வேறு மாதிரி நினைத்தேன். பாலத்துச் சுவரில் அவள் முகம் இருந்த மாதிரி என் வீட்டில் எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அவள் பேப்பர் படிக்கும்போது நான் பேசுகிறேன். அவள் பேசும்போதும் நான்தான் பேசுகிறேன். இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வடிவு, இது சரிவராது."

"எது?"

"அந்தத் தடுப்புதான். நானும் என்னெல்லாமோ செஞ்சு பாத்துட்டேன். அந்தக் காத்துக்கு என்னால முடியல. ஆடி பொறந்துட்டா ஆவணி வரைக்கும் கெடந்து அல்லாடணும். நீ அந்த மாடி ரூம்பக் கேட்டுரு."

கரண்டி அப்படியே நின்றது. என்னால் முடியவில்லை என்று நான் சொல்லி அவள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"நெசமாவே முடியலயா?"

"முடியல."

புடவை நுனியைப் பார்க்கிற முறை இப்போது என்னுடையது. வேட்டி நுனியைப் பார்த்தேன். நீங்கள் தனியாக எப்படி இருப்பீர்கள் என்று கேட்டாள். எனக்கென்ன, பட்டறை இருக்கிறது, சூசை இருக்கிறான் என்றேன். எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 13, வியாழன்

அறை கிடைத்துவிட்டது. நாளைக்கே பால் காய்ச்சிவிடலாமாம். தேய்பிறைதான், ஆனால் ஆடிக்கு முன்னால் வேறு வெள்ளிக்கிழமை இல்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், இரண்டு தலையணை எடுத்து வைத்தாள். பிறகு ஒரு தலையணையைத் திரும்ப எடுத்து எங்கள் கட்டிலில் போட்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் போன் பண்ணவில்லை. கை பழக்கத்தில் இரண்டு தடவை எடுத்துவிட்டது.

ஜூலை 14, வெள்ளி

பெட்டியை மொபட்டில் வைத்து நான் கொண்டுபோனேன். அவள் தன் வண்டியில் முன்னால் போனாள். கணவாயில் அவள் தலையையே பார்த்துக்கொண்டு போனேன். அசையவில்லை, சிலை மாதிரி இருந்தது. என் வேலைதான்.

அறை அவள் சொன்னபடியே இருந்தது. பூ வாசம், மலை, அகலக் கைப்பிடிச்சுவர். பால் பொங்கியது. ஜன்னல் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. கதவுக் கீல் ஒன்று கத்தியது. சட்டைப்பையில் திருப்புளி இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. அவளே ஒரு காகிதத்தை மடித்துக் கொக்கியில் செருகினாள். ஆட்டம் நின்றது.

கிளம்பும்போது கீழே வண்டியிடம் வந்தேன். இனி ஊருக்குள்தானே சுற்றப் போகிறாள். சரிவராத தடுப்பு என்று என் வாயால் சொன்ன பிறகு அதை அப்படியே விட்டுப் போனால் நன்றாக இருக்காது. திருப்புளியை எடுத்து முதல் திருகாணியைக் கழற்றத் தொடங்கினேன். அவள் படியிறங்கி வந்தாள்.

"அத ஏன் கழட்டுதீங்க? இருக்கட்டும். நல்லாத்தான இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயில் கை போனது, பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆச்சரியம் இல்லாததையும் பார்த்தாள். தெருவில் ஒரு வேன் பூ மூட்டைகளோடு போனது. அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

நான் திருகாணியைத் திரும்ப ஏற்றி முறுக்கினேன்.

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் வருவேன் என்றாள். நான் கேட்கவில்லை, அவளேதான் சொன்னாள்.

"அவசரப்படாத. முப்பந்தல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, மெதுவா வா" என்று சொல்லிவிட்டு மொபட்டை எடுத்தேன்.